தாடை படாத வயலின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெல்ஜியத்தின் பரோக் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைப் பாணி) வயலின் கலைஞர் சிகிஸ்வால்ட் கோய்கன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் லுல்லியின் இசையைப் பதிவுசெய்ய 1972இல் அவரது ‘லா பெத்தீத் பாண்ட்’ இசைக்குழு பிறந்ததை விரிவாகச் சொன்ன கட்டுரை, 1969 முதல் அவர் தாடை படாமல் வாசித்ததை ஒரே வரியில் கடந்துவிட்டது. மற்றதெல்லாம் கிளைத்தது அங்கிருந்துதான்.

இன்றைய மேற்கத்திய முறையில் தாடையும் தோளும் வயலினைப் பிடித்துக்கொள்ளும். நம் வித்வான்கள் அதன் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சார்த்துவார்கள். இரண்டிலும் இடது கை கவலையில்லாமல் ஓடும். கோய்கன் மீட்டெடுத்த பழைய முறையிலோ வயலின் காறை எலும்பின் மேல் சும்மா கிடக்கும். மீதிப் பாரம் இடது கையில். மேல் ஸ்வரங்களுக்குக் கை ஏறுவது சுலபம். இறங்கும்போது கையை ஒரேயடியாக இழுத்தால் வயலினும் கூடவே வந்துவிடும். அதனால் கட்டைவிரல் முதலில் பின்வாங்க வேண்டும், மற்ற விரல்கள் பிறகு. விரல் வைக்காத வெற்றுத் தந்தி ஒலிக்கும்போது கையை இடம் நகர்த்தலாம் என்று, புகழ்பெற்ற மொசார்ட்டின் தந்தை லியோபோல்ட் மொசார்ட் 1756இல் தம் வயலின் பாடநூலில் சொன்ன யோசனை இங்கே பெரிதும் கைகொடுக்கும். பாரம் தாங்கும் கை ஓயாமல் அதிரவும் முடியாது; ஒலியை நடுங்கவைக்கும் அந்த அசைவு தேவையான ஸ்வரத்துக்கு மட்டும்தான்.

இதோடு, விலங்குக் குடலில் திரித்த தந்தி. ஈரப்பதம் ஏறினாலே சுருதி நகரும், மெல்லிய மேல் தந்திதான் முதலில் அறும். பரோக் குழுக்கள் ‘A’ ஸ்வரத்துக்கு வழக்கமாக வைக்கும் சுருதி 415 ஹெர்ட்ஸ், இன்றைய 440க்கு ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. பழைய வில்லின் நுனி இலேசானது. இழுக்க இழுக்க ஒலி தானே தேயும். நீண்ட கோடாக இல்லாமல் பேச்சுபோல் வாக்கியம் வாக்கியமாக இசை வருவது இதனால்தான்.

அவர் குழுவை நடத்திய விதமும் இதன் தொடர்ச்சியே. கைக்கோல் பிடித்து முன்னே நிற்காமல் பெரும்பாலும் வயலினோடு உள்ளேயே இருந்து நடத்தினார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் கான்டாட்டாக்களில் (வாத்தியங்களோடு பாடும் இசைத் தொகுப்புகள்) கோரஸைக் குறைத்து, குரலுக்கு ஒருவர் என நால்வரை மட்டும் பாடவைத்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் 1981இல் முன்வைத்த இந்தக் கருத்தை எதிர்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் குடல் தந்தியின் ஒலியளவுக்கு நால்வரே பொருந்துகிறார்கள் என்பது என் துணிபு.

ஒரு திருத்தம்: கட்டுரையோடு வந்த படத்தில் அவர் கையில் இருப்பது, அங்கே குறிப்பிட்டபடி ‘பெரிய வயோலா’ (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) அல்ல. வாரில் கோத்து மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறிய செல்லோ, ‘வயலன்செல்லோ த ஸ்பாலா’. பாகின் செல்லோ தொகுப்புகளை அவர் பதிவுசெய்தது அதில்தான். அவற்றில் ஆறாவது, ஐந்து தந்திக் கருவிக்கென்றே எழுதப்பட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்