கார்டுக்குப் பொருந்தாத 4கே மானிட்டரை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்
கணக்கர்,
ஐஸ் தொழிற்சாலை,
கீழக்கரை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
கணினிப் பொருள்களின் இணைய விற்பனைப் பிரிவு,
சென்னை.

நாள்: 02.06.2025

பொருள்: தவறான பரிந்துரையின்பேரில் வாங்கிய 4கே மானிட்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1440பி மானிட்டர் தருவது தொடர்பாக, மூன்றாவது கடிதம்.

ஐயா,

மே 13 அன்று உங்களிடமிருந்து வந்து சேர்ந்த 27 அங்குல 4கே (3840×2160 புள்ளிகள்) மானிட்டரில் எந்தப் பழுதும் இல்லை. ஒரு புள்ளிகூட அணைந்திருக்கவில்லை. நிறமும் வெளிச்சமும் அருமையாக இருக்கின்றன. இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், என் முதல் கடிதத்துக்கு "பொருளில் பழுது இல்லாததால் திரும்பப் பெற இயலாது" என்ற ஒரே வரியைத்தான் உங்கள் சேவைப் பிரிவு அனுப்பியது. பழுது என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், உங்கள் ஆலோசகர் அதற்குத் தவறான பதில் சொன்னார், அந்தப் பதிலை நம்பி 36,500 ரூபாய் கொடுத்தேன். புகார் இதுதான்.

என் கணினியில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்கான படத்தை வரையும் பகுதி. அதையும் கடந்த ஆகஸ்டில் உங்களிடம்தான் வாங்கினேன். பில் உங்கள் கணக்கிலேயே இருக்கும். இந்த மானிட்டர் வரும்வரை வைத்திருந்தது 22 அங்குல 1080பி மானிட்டர். ஷார்ஜாவில் வேலை செய்யும் என் தம்பி, "காக்கா (அண்ணா), இந்தச் சின்னத் திரையில் எத்தனை நாள்தான் ஆடுவீர்கள்" என்று சொல்லிப் பெரிய மானிட்டர் வாங்கப் பணம் அனுப்பினான். அவன் ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய விடுமுறை நாளில் இரவு இணையத்தில் இரண்டு மணி நேரம் கார் பந்தயம் ஆடுவதுதான் நாங்கள் சேர்ந்து உட்காரும் நேரம். ஆடிக்கொண்டே வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். ஆகவே இது பொழுதுபோக்குச் சாமான்தானே என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள்.

மே 8 அன்று உங்கள் இணையதள உரையாடலில் நான் கேட்டதை அப்படியே தருகிறேன்: "என்னிடம் உள்ளது ஆர்டிஎக்ஸ் 4060. 27 அங்குல 2கே மானிட்டர் வாங்க நினைக்கிறேன். இந்த கார்டு அதற்குத் தாங்குமா?" 2கே என்று கடைகளில் சொல்லப்படும் 2560×1440, அதாவது 1440பி திரையைத்தான் நான் குறிப்பிட்டேன். உங்கள் ஆலோசகரின் பதில்: "2கே இப்போது பழையதாகிவிட்டது. 4கே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கார்டு தாராளமாக இழுக்கும். 144 ஹெர்ட்ஸில் ஆடலாம்." நான் விடவில்லை, "அதிக ரெசல்யூஷன் என்றால் கார்டுக்குச் சுமை கூடாதா?" என்று மறுபடியும் கேட்டேன். "புதிய தலைமுறை கார்டு, கவலை வேண்டாம்" என்று வந்தது. அந்த உரையாடலின் படம் மூன்று பக்கங்களாக இத்துடன் இருக்கிறது.

கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். 1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள், அதாவது படப் புள்ளிகள். 1440பி திரையில் 36,86,400. 4கே திரையில் 82,94,400. அதாவது என் பழைய திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு, நான் கேட்ட திரையைப்போல் இரண்டேகால் மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனை பிக்சல்களையும் புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு 144 முறை என்றால் 119 கோடிக்கு மேல் போகிறது. இந்தக் கார்டை 2023-இல் வெளியிட்டபோது என்விடியா நிறுவனமே இதை 1080பி விளையாட்டுக்கான கார்டாகத்தான் முன்னிறுத்தியது. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

மானிட்டர் வந்த அன்று இரவு, நாங்கள் ஆடும் விளையாட்டில் அதே பாதை, அதே கார், அதே பட அமைப்பு வைத்து மூன்று ரெசல்யூஷனிலும் ஓட்டிப் பார்த்தேன். 1080பி-யில் சராசரி நொடிக்கு 82 ஃபிரேம். 1440பி-யில் 54. 4கே-யில் 22. கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அதோடு நிறுத்தவில்லை. ஃபிரேமைப் பிக்சலால் பெருக்கிப் பார்த்தேன். முதலாவதில் நொடிக்கு 17 கோடி பிக்சல், இரண்டாவதில் 19.9 கோடி, மூன்றாவதில் 18.2 கோடி. மூன்று திரையளவிலும் என் கார்டு ஏறத்தாழ ஒரே அளவு வேலையைத்தான் செய்திருக்கிறது. அது சோம்பவும் இல்லை, நோய்ப்படவும் இல்லை. தன்னால் முடிந்ததை முழுதாகச் செய்கிறது. அந்தப் பதினெட்டு, இருபது கோடியை 1440பி திரையில் பரப்பினால் ஆட முடிகிறது. 4கே-யில் பரப்பினால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 45 மில்லிநொடி இடைவெளி விழுகிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் திரும்புவது தெரிவதற்குள் சுவரில் மோதி நிற்கிறேன். தம்பி, "இணைப்பு சரியில்லையா" என்று கேட்கிறான். அவன் அனுப்பிய பணத்தில் வாங்கியது இப்படி ஆகிவிட்டது என்பதை அவனிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

இதோடு நினைவகமும் சேர்கிறது. 4கே-யில் உயர்ந்த படத்தரம் வைத்தால் 8 ஜிபி நிறைந்துவிடுகிறது. மிச்சத்தைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து கார்டு இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வழி மெதுவானது என்பதால் திடீர் திடீரென்று அரை நொடி உறைகிறது. படத்தரத்தைக் குறைத்தால் உறைவது நிற்கிறது. ஆனால் சாலையோர மரங்கள் மெழுகு பொம்மைபோல் ஆகிவிடுகின்றன. அதைப் பார்க்கவா 4கே?

மே 16 அன்று தொலைபேசியில் பேசிய உங்கள் தொழில்நுட்ப உதவியாளர் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போடச் சொன்னார். போட்டேன். அது நல்ல தொழில்நுட்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன செய்கிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 4கே திரையில் அதன் 'குவாலிட்டி' நிலையில் கார்டு உள்ளே வரைவது 1440பி படம். 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் 1080பி படம். அதைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்தப் பெரிதாக்கும் வேலைக்கும் கார்டின் நேரம் செலவாகிறது. 1440பி படத்தை வரைந்து பெரிதாக்குவதற்கு, 1440பி மானிட்டரையே கொடுத்திருந்தால் என் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். இடையில் செயற்கையாக ஃபிரேம்களைச் செருகும் வசதியையும் அவர் சொன்னார். அது எண்ணிக்கையைக் கூட்டுகிறது, கைக்கும் காருக்கும் உள்ள தாமதத்தைக் குறைப்பதில்லை. அடிப்படை வேகமே 22-ஆக இருக்கும்போது பந்தயத்தில் அது உதவாது. மேலும் நாங்கள் ஆடும் இன்னொரு பழைய விளையாட்டில் இந்த வசதிகள் எதுவுமே கிடையாது.

சரி, 4கே மானிட்டரிலேயே ரெசல்யூஷனை 1440பி-க்கு இறக்கி ஆடலாமே என்றார் அவர். 2160-ஐ 1440-ஆல் வகுத்தால் ஒன்றரை வருகிறது. ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலில் காட்ட முடியாது. பக்கத்துப் பிக்சலோடு கலந்துதான் காட்ட வேண்டும். எழுத்துகளின் ஓரம் எல்லாம் மங்குகிறது. 1080பி-க்கு இறக்கினால் கணக்கு சரியாக இரண்டு வருகிறது, மங்கலும் குறைகிறது. ஆனால் அது என் பழைய மானிட்டரின் அதே படம்தான். 27 அங்குலத்தில் விரித்துப் பார்க்கும்போது முன்பைவிடச் சொரசொரப்பாகத் தெரிகிறது.

கேபிள் பற்றியும் ஒரு வரி. பெட்டியில் இருந்த எச்டிஎம்ஐ கேபிளில் 4கே-க்கு 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வரவில்லை. இராமநாதபுரம் போய் 650 ரூபாய்க்கு டிஸ்பிளேபோர்ட் கேபிள் வாங்கி வந்த பிறகே 144 கிடைத்தது.

இவற்றையெல்லாம் மே 22-ஆம் தேதிக் கடிதத்தில் விளக்கினேன். அதற்கு வந்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. "கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் கார்டின் திறன் குறைய வாய்ப்புண்டு, அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல." கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாதபோது எங்கள் ஊரின் காற்றின்மீது பழியைப் போட்டிருக்கிறீர்கள். உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரும்புத் தூணை ஆண்டுதோறும் சுரண்டி வர்ணம் பூசுகிறோம். உப்பு தின்ற செம்பில் பச்சை படியும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி கட்டும். கார்டைக் கழற்றி முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டில் ஒன்றுகூட இல்லை. கணினி, கடல் பக்கம் பார்க்காத உள்ளறையில் இருக்கிறது. ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்-ஸும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பும் மின்சாரமும் கார்டைக் கெடுத்திருந்தால் 1080பி-யில் அது எப்படி 82 ஃபிரேம் தருகிறது? ரெசல்யூஷனைப் பார்த்து உப்புக்காற்று அடிப்பதில்லை. மண்டபத்திலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் உங்களிடம் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய ஒவ்வொரு குறைக்கும் கடலைக் காட்டித் தப்பிக்கும் வழக்கம் உங்கள் சேவைப் பிரிவில் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

"பொருத்தம் பார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று உங்கள் விதிமுறைகளில் ஒரு வரி இருப்பதாகவும் அதே பதிலில் இருந்தது. நான் பொருத்தம் பார்த்தேன். பார்த்துத்தான் 1440பி கேட்டேன். என் கணிப்பை மாற்றியவர் உங்கள் ஆலோசகர்.

இப்போது பணத்தின் அருமை கூடுதலாகத் தெரியும் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. படகு போகாவிட்டால் ஐஸ் போகாது, ஐஸ் போகாவிட்டால் எங்களுக்கு அரைச் சம்பளம்தான். இந்த நிலையில் 4கே-யை ஓட்டுவதற்காக இன்னும் பெரிய கார்டு வாங்குவது என் கைக்கு எட்டாது. உங்கள் உதவியாளர் கடைசியாகச் சொன்ன வழி அதுதான். ஒரு கார்டின் பெயரையும் விலையையும்கூடச் சொன்னார். தவறான பொருளைக் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்ய அதைவிட விலை உயர்ந்த பொருளை வாங்கச் சொல்வது முறையல்ல.

நான் கேட்பது இவ்வளவே. 4கே மானிட்டரை எடுத்துக்கொண்டு, உங்கள் தளத்தில் 20,900 ரூபாய்க்கு இருக்கும் 27 அங்குல 1440பி மானிட்டரை அனுப்புங்கள். 54 ஃபிரேமில், கார்டின் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் இருப்பதால், எனக்கு அது போதும். வித்தியாசத் தொகை 15,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கேபிளுக்கான 650 ரூபாயைக் கேட்கவில்லை. அது புதிய மானிட்டருக்கும் ஆகும். கூடவே, "4060-க்கு ஏற்ற 4கே கேமிங் செட்" என்று உங்கள் தளத்தில் இன்றும் இருக்கும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. என் முதல் கடிதம் மே 15 தேதியிட்டது. ஜூன் 15 வரை காத்திருப்பேன். அதற்குள் தீர்வு இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னைக்கு வர வேண்டியதில்லை. அந்த நிலைக்குப் போகாமல் முடிய வேண்டும் என்றே விரும்புகிறேன். உங்களிடம் வாங்கிய கார்டு ஒன்பது மாதமாக ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும் மறக்கவில்லை.

மானிட்டரின் அட்டைப்பெட்டி, தெர்மோகோல், தாங்கி, திருகாணிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் தெரு குறுகலானது, கூரியர் வண்டி உள்ளே வராது. மாலை ஐந்து மணிக்குள் தொழிற்சாலை முகவரிக்கு ஆளை அனுப்பினால் கட்டித் தயாராக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கீழக்கரை.