நழுவும் ஸ்கிர்மியான்கள்: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டிக்கொள், ஆனால் இதை முழுக்கப் படித்த பிறகு திட்டு. உன் திட்ட வரைவை வசந்தி அக்கா காட்டினார். ஒற்றைக் கோபால்ட் படலம், அதில் ஒரு தடம், வரிசையாக ஓடும் ஸ்கிர்மியான்கள், அதாவது தகவல் பிட்டுகளைச் சுமக்கும் நுண்ணிய காந்தச் சுழல்கள். அந்த அமைப்பு ஓடாது முரளி.

முதலில் அவற்றைத் தள்ளச் சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் போதும் என்று நீ போட்ட எண்ணை அடித்துவிடு. 2010-இல் மியூனிக்கில் சதுர மீட்டருக்கு அவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் ஸ்கிர்மியான்கள் அசைந்தது மாங்கனீசு சிலிசைடு ஒற்றைப் படிகத்தில், அதுவும் 30 கெல்வினுக்குக் கீழே. நீ ஸ்பட்டரிங்கில் (அணுக்களைத் தெறிக்கவைத்து) படியவைக்கும் படலத்தில் ஒவ்வொரு நுண்படிக மணியும் ஸ்கிர்மியானைப் பிடித்து வைக்கும். அறை வெப்பத்தில் அதை விரைவாக ஓட்டப் பத்தாயிரம் கோடி ஆம்பியருக்கு மேல், சமயத்தில் லட்சம் கோடி வரை வேண்டும். அதை நானோவினாடித் துடிப்புகளாகத்தான் கொடுக்க முடியும். துடிப்பு நீண்டால் சூட்டிலேயே புதிது முளைக்கும், இருப்பது அழியும். அப்புறம் நீ எழுதிய பிட் எது?

இதைக்கூடச் சமாளித்துவிடலாம். என்னை உறுத்துவது பக்கவாட்டு நழுவல்: ஸ்கிர்மியான் மின்னோட்டத்தின் நேர்கோட்டை விட்டு ஒரு கோணத்தில் விலகி ஓடும். 2017-இல் வெளியான அளவீடுகளில் விலகல் 30 பாகையைத் தாண்டியது. தடம் குறுகலானால் ஸ்கிர்மியான் விளிம்பில் மோதி மறையும். மின்னோட்டம் ஏற ஏறக் கோணமும் கூடும். அதனால் மெல்லத் தள்ளிப் பார்த்துவிட்டு ‘நேராகப் போகிறது’ என்று எழுதிவிடாதே. அப்போது அது தடைகளில் சிக்கித் தவழ்ந்துகொண்டிருக்கும். மின்னோட்டத்தின் திசையைத் திருப்பு: ஓட்டம் திரும்பாவிட்டால் தள்ளுவது வெப்பம். பிறகு காந்தப்புலத்தைத் திருப்பி, மையம் எதிர்த்திசை நோக்கும் ஸ்கிர்மியான்களை உண்டாக்கு: ஓட்டம் அப்படியே இருந்து நழுவல் மட்டும் மறுபக்கம் மாற வேண்டும். மாறாவிட்டால் படலத்தின் தடிமன் சீராக இருக்கிறதா என்று பார்.

நழுவலை ஒழிக்க ஒரு வழி உண்டு: இரண்டு கோபால்ட் படலங்களை, அவற்றின் காந்தத் திசைகள் எதிரெதிராக இருக்கும்படி பிணைத்துவிடு. ஒன்று இடப்பக்கம் இழுக்கும்போது மற்றது வலப்பக்கம் இழுத்து ஈடுகட்டும். 2024-இல் கிரெனோபிளின் ஸ்பின்டெக் குழு இந்த வகை அடுக்கில் அறை வெப்பத்திலேயே வினாடிக்கு 900 மீட்டர் வரை ஓட்டிக் காட்டியது, அதுவும் மின்னோட்டத்தின் நேர்கோட்டில். எவ்வளவு பெரிய காரியம் அது!

அடுக்கும்போது பிளாட்டினம், கோபால்ட், ருத்தீனியம் என்ற வரிசையை அப்படியே திரும்ப வை. கண்ணாடி பிம்பமாகக் கவிழ்த்தால் இரண்டாம் படலத்தில் ஸ்கிர்மியானின் சுழல் திசை தலைகீழாகிவிடும். இரண்டையும் பிணைக்கும் ருத்தீனியத்தின் தடிமனை 0.8 நானோமீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்து, அதில் 0.1 பிசகினாலும் பிணைப்பு தளரும். நடுவில் வரும் பிளாட்டினம் தடித்தாலும் அப்படித்தான். இரண்டு கோபால்ட் படலங்களின் காந்தத்திறனும் சமமா என்று காந்தவளையத்தில் (புலத்தை ஏற்றி இறக்கிக் காந்தமாக்கத்தை வரையும் வளைகோட்டில்) பார்த்த பிறகே, தடத்தைச் செதுக்கும் லித்தோகிராஃபிக்குப் போ.

பிட்டைப் படிப்பதுதான் கடினம். இரண்டு படலங்களிலிருந்தும் வெளியே கசியும் காந்தப்புலம் ஏறக்குறைய ரத்தாவதால் காந்தவிசை நுண்ணோக்கி மங்கலாகத்தான் காட்டும், காந்தமாக்கத்தால் குறுக்கே எழும் ஹால் மின்னழுத்தமும் சுருங்கிவிடும். மேல் படலத்தை மட்டும் உணரும் காந்தச் சுரங்கச் சந்தியை (மெல்லிய காப்பு அடுக்கு வழியே எலக்ட்ரான்கள் ஊடுருவும் உணரியை) இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடு.

கேன்டீன் தகராறு மாதிரிப் பத்துப் பக்கம் பதில் எழுதாதே. காந்தவளையப் படம் ஒன்று அனுப்பு, போதும்.

அன்புடன்,
சேகர்