மின்னல் வானொலியை மூடிவிடலாமா, நண்பா?

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். மகனுக்கு பாயான் லெப்பாஸ் ஆலையில் மறுபடியும் இரவு ஷிப்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. வாய்க்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன். "யூடியூப் இருக்கிறது, தனியார் வானொலி ராகா இருக்கிறது, இனி வரிப்பணத்தில் ஆர்.டி.எம். என்ற அரசாங்க வானொலி, தொலைக்காட்சி எதற்கு? மூடிவிட்டால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டிருந்தாய். செய்தி போட்டால் யாராவது ஓர் அமைச்சர் ரிப்பன் வெட்டிக்கொண்டே இருக்கிறார் என்பது உன் எரிச்சல். எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் நீ சொல்லும் வைத்தியம்தான் சரியில்லை.

முதலில் என் அம்மாவைச் சொல்கிறேன். குளிர்பெட்டியின் மேல் ஒரு பழைய வானொலி, ஒடிந்த ஏரியலுக்குப் பதில் துணி மாட்டும் கம்பி. பசியாறும் நேரத்தில் ஆர்.டி.எம்.மின் தமிழ் வானொலியான மின்னல் எப்.எம். செய்தி ஆரம்பித்தால் வீட்டில் யாரும் தோசைக்கரண்டியைக்கூடத் தட்டக் கூடாது. செய்தி முடிந்ததும் "சீனி விலை ஏறுதாம்" என்று எனக்கே திருப்பிச் சொல்வார். அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. கைப்பேசியில் புலனம் (வாட்ஸ்அப்) பார்க்கிறார். அதில் வருவதெல்லாம் எலுமிச்சைச் சாற்றில் புற்றுநோய் போகும் ரகம். நாட்டில் நடப்பது அவருடைய மொழியில், யாரோ சரிபார்த்துச் சொல்லி, காசில்லாமல் வீட்டுக்குள் வர வேறு எந்த வழி இருக்கிறது, சொல் பார்ப்போம்.

தனியார் செய்வார்கள் என்கிறாய். அவர்கள் தொழிலை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள், நானும் கேட்கிறேன். ஆனால் இந்நாட்டில் இந்தியர்கள் மொத்தமே சுமார் 20 லட்சம். வானொலி நாடகத்துக்கோ, உள்ளூர்ச் சிறுகதைக்கோ, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டியின் அரை மணி நேரப் பேச்சுக்கோ சோப்புக் கம்பெனி எதற்குக் காசு தரும்? லாபக் கணக்கு பார்த்தால் முதலில் போவது இவைதான். பி.பி.சி. தமிழோசையையே பார். 1941-இல் தொடங்கிய வானொலி, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முடிந்தது. பின்னால் அவ்வளவு பெரிய நிறுவனம் இருந்தும் அப்படி.

ஆர்.டி.எம். தலைமையகமான அங்காசாபுரிக்கு நாம் இருவரும் குரல் தேர்வுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? தாள் சலசலத்தால் மைக் பிடித்துவிடும் என்று, வசனத்தாள்களின் ஊசியைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கி ஓசைப்படாமல் தரையில் நழுவ விடச் சொன்னார்கள். நீ தேறினாய், நான் தேறவில்லை. (தாளை நான் சரியாகத்தான் போட்டேன்; குரல்தான் காலை வாரிவிட்டது.) அன்று உனக்குக் கிடைத்த சன்மானம் சொற்பம். ஆனால் தோட்டத்துப் பையன் ஒருவன் எழுதியதை இன்னொரு தோட்டத்துப் பையன் நடிக்க நாடே கேட்டது. அந்தப் பயிற்சியை எந்தச் சந்தை உனக்குக் கொடுத்திருக்கும்?

அப்புறம் வெள்ளம். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது உன் அக்கா குடும்பம் மாடியில் மாட்டிக்கொண்டது. கரண்ட் போய், கைப்பேசியும் செத்தபின் யூடியூப் எங்கே? அந்த நேரத்துக்கு பேட்டரி போட்ட வானொலிதான்.

சரி, ரிப்பன் விஷயம். ஆர்.டி.எம்.மின் முன்னோடியான மலாயா வானொலி 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆர்.டி.எம். ஓர் அரசாங்க இலாகா. தலைமேல் அமைச்சர், உள்ளே அரசு ஊழியர்கள், ஆண்டுக்காண்டு பட்ஜெட்டில் பணம். மேலதிகாரியின் மேலதிகாரியைப் பற்றி ஒரு செய்தியாசிரியர் எவ்வளவு தூரம் கேள்வி கேட்க முடியும்? ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) லைசென்ஸ் கட்டிய காலத்திலும் அது இலாகாதான். ஆகவே மக்களே நேரடியாகப் பணம் கட்டினால் சுதந்திரம் வந்துவிடும் என்றும் இல்லை.

தனிச் சட்டம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. நம் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவுக்கு 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. அமைச்சர்கள் முன்னால் அது எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதை நீயே சொல். இந்தியாவில் அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் தன்னாட்சி இருக்கிறது. சம்பளப் பணமோ இன்னும் டில்லி அரசிடமிருந்துதான். படியளப்பவன் அதட்டாமலே மற்றவன் அடங்கிப் போவான்.

நான் ஜெர்மனியைத்தான் பார்க்கச் சொல்வேன். பொது ஒலி, ஒளிபரப்புக்கு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம். எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவது அரசாங்கம் இல்லை, தனி ஆணையம். கட்டணத்தை இந்த அளவுக்குக் கொண்டுவரும் 86 சென்ட் உயர்வுக்கு 2020 டிசம்பரில் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே ஒரு மாநிலம் முரண்டு பிடித்தது. ஒளிபரப்பு நிலையங்கள் வழக்குப் போட்டன. 2021 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம், தேவையான பணத்தைத் தராமல் மறிப்பது ஒளிபரப்புச் சுதந்திரத்தையே மீறுவது என்று சொல்லி, உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணமும் சுதந்திரமும் ஒன்றோடொன்று கட்டியவை என்பதை ஒரு நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1967 சட்டத்தில் அமைந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வந்தார்கள். அரசியல் கை படக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. 2025 ஜூலையில் காங்கிரஸ் அப்படி ஒதுக்கிய 110 கோடி டாலரை ஒரே சட்டத்தில் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. கழகமும் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. பெரிய நகரத்து நிலையங்கள் நன்கொடை திரட்டிப் பிழைத்துக்கொள்ளும். அடி பலமாக விழுவது கிராமத்துச் சிறு நிலையங்களுக்குத்தான். நம் தமிழ்ப் பிரிவை அந்த இடத்தில் வைத்துப் பார், எனக்குத் தூக்கம் வராத காரணம் புரியும்.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஆர்.டி.எம்.முக்குத் தனிச் சட்டம், நாடாளுமன்றக் குழு விசாரித்து ஒப்பும் வாரியம், ஐந்தாண்டுக்குச் சேர்த்து நிர்ணயித்த நிதி, அதில் தமிழுக்கு எவ்வளவு போகிறது என்று வெளியிடும் கணக்கு. உன் ரிப்பன் புகாரையும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பெயர் போடாமல்.

மலாய் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மலாய் என்னுடையதைவிடச் சுத்தம். பட்ஜெட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், ஆகவே சீக்கிரம் திருத்தி அனுப்பு. எங்கே வேண்டுமானாலும் வெட்டு, ஐந்தாண்டு நிதி பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்