பச்சை மை அடிக்கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

குற்ற வழக்கில் விடுதலையான அரசு ஊழியருக்குச் சம்பள பாக்கி, பதவி உயர்வு எல்லாம் தரவேண்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் என் அப்பாவின் தீர்ப்பு நகல்தான் கண்முன் வருகிறது. மொத்தம் 22 பக்கம். கையாடல் செய்ததாகச் சொன்ன ரசீதில் இருப்பது அப்பாவின் கையெழுத்தே இல்லை என்று அரசுத் தரப்புக் கையெழுத்து நிபுணரே சாட்சி சொன்னதை நடுவர் 14ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், பல தீர்ப்புகளில் வருவதுபோல, ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்று ஒரு வரி (நீதிமன்ற மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). அலுவலகக் கோப்பில் இருந்த நகலில் அந்த வரிக்கு மட்டும் பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். 14ஆம் பக்கத்தில் ஒரு பேனா கூடப் படவில்லை.

அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அப்பாவின் 4 வருட சஸ்பென்ஷன் காலத்தைத் தகுதியுள்ள விடுப்பாக வரன்முறை செய்தார்கள், சேர்த்து வைத்திருந்த விடுப்பெல்லாம் அதிலேயே போனது, மீதி சம்பளமில்லா விடுப்பு. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் கண்காணிப்பாளர் ஆனார்கள், அப்பா உதவியாளராகவே ஓய்வு பெற்றார். பிழைப்பூதியத்தில், அதாவது சஸ்பென்ஷனில் தரும் குறைந்த தொகையில், ஓடிய அந்த வருடங்களில் அம்மா மளிகைக் கடையின் மாதக் கணக்கைத் தானாகவே முடித்துக்கொண்டு, அன்றன்றைக்குக் கையில் இருந்த காசுக்கு மட்டும் வாங்கினார், பாக்கி என்று யாரும் வாசலில் வந்து கேட்டுவிடக் கூடாதே என்று.

‘கௌரவமான விடுதலை’, அதாவது குற்றமற்றவர் என்று முழுமையாகத் தெளிந்த விடுதலை, இல்லையே என்கிறார்கள். 2024 ஜூலை வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே இருந்ததில்லை, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வந்தது அது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. அப்புறம் 2023 டிசம்பரில், ராஜஸ்தான் காவலர் ராம்லால் வழக்கில், ‘சந்தேகத்தின் பலன்’, ‘கௌரவமான விடுதலை’ என்பதெல்லாம் மந்திரச் சொற்கள் அல்ல, தீர்ப்பின் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அவரைப் பாதிச் சம்பள பாக்கியோடு திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. (அவருக்கும் பாதிதான் கிடைத்தது என்பது எனக்கு இன்னும் வருத்தம்.)

சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர் மீது துறை தனியாக விசாரிக்கட்டும். ஆனால் அரசு ஊழியரின் சம்பளம் பற்றிய அடிப்படை விதி 54-பி என்ன சொல்கிறது? சஸ்பென்ஷன் முற்றிலும் நியாயமற்றது என்று அதிகாரி கருதினால் முழுச் சம்பளம் தரவேண்டும். கருதுவதற்கு முதலில் படிக்க வேண்டும் இல்லையா?

அரசிடம் நான் கேட்பது இதுதான். விடுதலைத் தீர்ப்பு வந்த 3 மாதத்துக்குள் அதை முழுதாகப் படித்து, எந்தெந்தப் பக்கத்தின் அடிப்படையில் பணப்பலனைத் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்று ஆணையிலேயே எழுதவேண்டும் என விதியைத் திருத்துங்கள். அப்பாவின் மேல்முறையீடு 2019இல் இருந்து ‘பரிசீலனையில்’ இருக்கிறது. அதை எடுப்பவர் 14ஆம் பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரின் மகள்,
தஞ்சாவூர்.