பரேஹிபானியைப் பார்த்து வந்தேன்

ஜம்ஷெட்பூர்,
20.1.2026

அன்புள்ள சிவகாமி,

உன் கடிதம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியானது. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை மருத்துவரிடம் சொல்லாமல் எனக்கு எழுதிப் பயனில்லை, சொல்லிவிடு. நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மகனுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்ததால், ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இருக்கும் சிம்லிபால் காட்டுக்குப் போய், பரேஹிபானி அருவியைப் பார்த்துவிட்டு வந்தோம்.

நாம் இருவரும் புவியியல் நடத்திய காலத்தில், இந்தியாவின் மிக உயரமான அருவி எது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "ஜோக், 253 மீட்டர்" என்று கத்தும். நாமும் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கர்நாடகத்திலேயே குஞ்சிக்கல் என்று 455 மீட்டரில் ஒன்று இருக்கிறது என்பதும், அதற்கு அடுத்ததாகச் சொல்லப்படும் பரேஹிபானி 399 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு அடுக்குகளாக விழுகிறது என்பதும், பணி ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. தவறாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, சரியான விடையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மகன் கேலி செய்தான்.

முதல் நாள் மாலையே ஜஷிபூர் போய்ச் சேர்ந்து அங்கே தங்கினோம். காட்டுக்குள் நுழைய வழிகள் இரண்டு. பாரிபதா பக்கம் பிதாபட்டா வாயில், இந்தப் பக்கம் ஜஷிபூர் வழி. அதிகாலையில் அனுமதிச் சீட்டு வாங்கி, வழிகாட்டி ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மழைக்காலம் முழுவதும் காட்டை மூடிவிட்டு நவம்பரில்தான் திறக்கிறார்கள். ஆகவே அந்த அருவி வெள்ளம் புரண்டு பேயாட்டம் ஆடும் மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் எவரும் அதைப் பார்ப்பதில்லை. இதை நினைத்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாகவும், பிறகு ஏனோ மகிழ்ச்சியாகவும் இருந்தது.

ஜஷிபூர் என்றதும் உனக்குக் கைரி நினைவுக்கு வருகிறதா? சிம்லிபால் புலிகள் காப்பகத்தின் முதல் கள இயக்குநரான சரோஜ் ராஜ் சௌத்ரி, 1974-இல் பழங்குடியினர் கொண்டுவந்து கொடுத்த பெண் புலிக்குட்டி ஒன்றை இதே ஊரில் தம் வீட்டிலேயே வளர்த்தார். குட்டி கிடைத்த ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். வார இதழில் வந்த அந்தப் படத்தை நீதான் வெட்டி எடுத்து விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாய்.

வாயிலைத் தாண்டியதும் சால் மரக் காடு தொடங்குகிறது. நாங்கள் போன நேரத்தில் அடிமரங்கள் மட்டுமே தெரிந்தன. உச்சிகளை மூடுபனி விழுங்கியிருந்தது. கம்பம் நட்டது போல நேராக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மணிக்கணக்காக அதே மரம் வந்துகொண்டிருந்தால் சலிப்புத் தட்டும் என்றுதான் நினைப்பாய். எனக்குத் தட்டவில்லை. ஆள் உயரப் புற்றுகள், இடையிடையே முள்ளிலவு, நம் இலுப்பையின் நெருங்கிய உறவான மகுவா என்று வழிகாட்டி காட்டிக்கொண்டே வந்தார். சிம்லிபால் என்ற பெயரே சிமுல் எனப்படும் அந்த முள்ளிலவிலிருந்து வந்ததுதான். அது பூக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். கிளைகளில் இலைகளைச் சேர்த்துத் தைத்தாற்போல் பந்து பந்தாய்த் தொங்கிய கூடுகளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நம் ஊர் மாமரத்தில் ஏறியவர்களை எல்லாம் கடித்து இறக்கிய முசுறுதான். இங்கே அந்தக் கூட்டைப் பறித்து, எறும்பையும் முட்டையையும் மிளகாய், பூண்டு, உப்போடு சேர்த்து அரைத்துத் துவையலாக உண்கிறார்கள். 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. முந்தின இரவே நான் அதை ருசி பார்த்துவிட்டேன். எலுமிச்சையைவிடக் கூர்மையான ஒரு புளிப்பு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றால் நீ நம்ப வேண்டும்.

நடுவழியில் சக்கரம் ஒன்று காற்று இறங்கிப் போனது. குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. ஓட்டுநரும் வழிகாட்டியும் மட்டும் இறங்கிச் சக்கரம் மாற்ற, நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். புலி வருமா என்று கேட்டதற்கு வழிகாட்டி சிரித்தார். இந்தக் காட்டுப் புலிகளில் சிலவற்றுக்குக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, உடலே கறுத்துத் தெரியும். சிறிய கூட்டமாக ஒதுங்கிவிட்ட புலிகள் தங்களுக்குள்ளேயே இணை சேர்ந்து வந்ததால்தான் இங்கே அந்த மரபணு மாற்றம் இவ்வளவு பரவியது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2021-இல் கண்டறிந்தார்கள். புது இரத்தம் வேண்டும் என்று 2024-இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஜீனத் என்பது, பிடிக்காத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் போல டிசம்பரில் புறப்பட்டு, ஜார்க்கண்டைக் கடந்து, மேற்கு வங்காளத்துப் பாங்குடா வரை நடந்தே போய்விட்டது. மயக்க ஊசி போட்டுத் திருப்பி அழைத்து வந்தார்கள். அது போன வழி எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவு இல்லை என்பதால், அந்த மாதம் முழுவதும் இங்கே அதே பேச்சாக இருந்தது.

இனி அருவிக்கு வருகிறேன்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த உனக்கு அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்கும் இடம். பரேஹிபானியில் அதற்கு இடமே இல்லை. பள்ளத்தாக்கின் ஒரு விளிம்பில் நாம் நிற்கிறோம். எதிர்விளிம்பில் அது விழுகிறது. நடுவில், அடி தெரியாத ஆழம் முழுவதும் காடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி முழுதும் விலகவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடினோம். பிறகு மேலே மலை விளிம்பு தெளிந்தது, அதிலிருந்து ஒரு நூல் தொங்கியது.

ஆம், நூல்தான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மழை ஓய்ந்து மாதங்கள் ஆன ஜனவரியில் தண்ணீர் குறைந்திருக்கும் என்று தெரியும். ஆனால் 399 என்ற எண்ணை மனத்தில் சுமந்துகொண்டு வந்தவளுக்குக் கண்முன் இருந்தது அந்த எண்ணாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கட்டடம் இல்லை, ஆள் இல்லை, அளந்து பார்க்க எதுவும் இல்லை. மரங்கள் எல்லாம் பாசி போலத் தெரிந்தன. நூறு மீட்டர் என்றாலும் நம்பியிருப்பேன், ஆயிரம் என்றாலும் நம்பியிருப்பேன்.

அப்போது கீழே பள்ளத்தாக்கிலிருந்து கிளிக்கூட்டம் ஒன்று எழும்பியது. கீச்சொலி முதலில் கேட்டது, பறவைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. பச்சைப் புள்ளிகளாக மேலேறி வந்து, நீர் ஒரு பாறைத் தட்டில் மோதி இரண்டாம் முறை விழத் தொடங்கும் இடத்துக்கு நேராகக் குறுக்கே பறந்தன. அந்தப் புள்ளிகள் அருவியின் அகலத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தபோதுதான், நான் நூல் என்று நினைத்தது ஒரு தெரு அகலம் இருக்கும் என்பதும், மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்த உயரத்தில் அந்தப் பறவைகள் வெறும் தூசு என்பதும் உறைத்தன. அதன் பிறகு கண் பழகிவிட்டது. விழும் நீர் ஒரே வேகத்தில் விழுவதாகத் தெரியவில்லை. மேலிருந்து புறப்பட்ட ஒரு வெண்கற்றையைக் கண்ணால் பற்றிக்கொண்டு கூடவே இறங்கினால், அது அவசரமே இல்லாமல் மிதந்து வருவது போல இருந்தது. பெரிய உயரங்கள் கண்ணை இப்படித்தான் ஏமாற்றும் போலும். இரண்டு அடுக்குகளில் மிக நீண்ட ஒரே வீழ்ச்சி மட்டும் 259 மீட்டராம். அதுவே நாம் வகுப்பில் கொண்டாடிய ஜோக்கைவிடச் சற்று அதிகம்.

ஓசை பற்றியும் சொல்ல வேண்டும். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மட்டும் ஒரு இரைச்சல் வந்தது. திரும்பாதபோது, ஊமைப்படம் பார்ப்பது போல, அவ்வளவு நீரும் சத்தமின்றி விழுந்துகொண்டிருந்தது.

இப்படி விழுகிற ஆற்றின் பெயர் புடாபலங்கா. காட்டை விட்டு இறங்கி, பாரிபதாவைத் தொட்டு, பாலசோர் வழியாக வங்கக் கடலில் கலக்கிறது. 1915 செப்டம்பரில் வங்கப் புரட்சியாளர் பாகா ஜதீன் நான்கு தோழர்களோடு ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்று குண்டடி பட்டது இதே ஆற்றின் கரையோரத்தில்தான். வரலாற்றுப் பாடத்தில் அந்தச் சண்டை வந்தபோது, ஆறு எங்கே பிறக்கிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை.

வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர், ஹோ மொழி பேசுபவர். அருவி தெரிந்த திசைக்கு அப்பால் கையைக் காட்டி, அவருடைய அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம் காட்டுக்குள் இருந்தது என்றார். புலிகளுக்காக உள்ளிருந்த ஊர்களை ஒவ்வொன்றாக வெளியே குடியமர்த்தியபோது அந்த ஊரும் போய்விட்டதாம். கடந்த ஆண்டு ஏப்ரலில் 845 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேசியப் பூங்காவாக முறைப்படி அறிவித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இங்கே வர ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். "வந்தால் சீட்டு வாங்கித்தானே வர வேண்டும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மகனுக்குத் தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்தார். புலி வாழ இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சிவகாமி. ஆனாலும் அந்தச் சொல் அதன் பிறகு திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு வந்தது. இதே காட்டில் இருக்கும் ஜோரண்டா அருவிக்கும் போனோம், ஆனால் நான் அதைச் சரியாகவே பார்க்கவில்லை. அது ஒரே வீச்சில் விழும் அழகான அருவி என்று மகன் சொல்கிறான்.

மாலையில் வெளியே வந்தபோது ஊர்களில் மகர் திருவிழாவின் மிச்சம் இருந்தது. நீ அங்கே பொங்கல் வைத்த அதே நாட்களில் இவர்கள் அரிசி மாவில் பிட்டா சுட்டுக் கொண்டாடுகிறார்கள். சந்தாலிப் பெண்கள் மண்சுவரில் மெழுகி வரைந்திருந்த பட்டைக் கோலங்களைப் பார்த்து, இதை உனக்குக் காட்ட வேண்டுமே என்று நினைத்தேன். சில படங்களைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உனக்காகவே ஒன்றைக் கவனித்து வந்தேன். வண்டி, பார்வை மேடைக்கு வெகு அருகிலேயே போய் நிற்கிறது. உன் முழங்காலுக்குத் தொல்லை இராது, வண்டிக் குலுக்கலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் வந்தால் மழைநீர் வடியாமல், அருவி நூலாக இல்லாமல் புடவை அகலத்துக்கு இருக்குமாம். நீ வருவதானால் செப்டம்பருக்குள் எழுது. சீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதே வழிகாட்டியையே கேட்கலாம் என்றும் இருக்கிறேன். கம்பளிச் சட்டையை மறக்காதே.

அன்புடன்,
புவனா