ஹைட்ரஜனில் ஏமாந்த கம்ப்யூட்டர்

கொடைக்கானல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாதே, டாக்டரைப் பார். இங்கே பத்து நாளாக விடாத மூடுபனி. ஆனாலும் வீட்டில் நட்சத்திரப் பேச்சுதான், சின்னவளின் காலேஜ் ப்ராஜெக்ட் உபயம்.

நட்சத்திரத்தின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை வானவில் போலப் பிரித்த பட்டையைக் கொடுத்தால், அந்த நட்சத்திரம் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் இவற்றில் எந்த வகை என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஓ கொதிக்கிற சூடு, எம் ஆறியது, நம் சூரியன் ஜி. வானத்தை அளந்து பதிவு செய்யும் ஸ்லோன் வானாய்வுத் திட்டம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கும் நிறமாலைகளை எடுத்துக்கொண்டாள். வேலை சுருங்கட்டும் என்று ஹைட்ரஜன் ஒளியை விழுங்குவதால் அந்தப் பட்டையில் விழும் கறுப்புக் கோடுகள் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் முதலில் ஊட்டினாள். வந்தது வினை. பத்தாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற பி-யையும், ஏழாயிரத்தைச் சுற்றி நிற்கிற எஃப்-ஐயும் ஒரே கூடையில் போட்டுவிட்டது!

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹார்வர்டில் 1890-இல் ஹைட்ரஜன் கோட்டின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் ஏ, பி என்று எழுத்துகளை அடுக்கினார்கள். அப்புறம் அங்கேயே வேலை பார்த்த ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி அதைக் கலைத்து வெப்ப வரிசையில் வைத்தார். வரிசை தாறுமாறாக இருப்பது அதனால்தான். சூடு கூடினாலும் குறைந்தாலும் ஹைட்ரஜன் கோடு ஏன் மங்குகிறது என்பதை 1920-இல் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாகா விளக்கினார்: சூடு ஏறினால் ஹைட்ரஜன் எலக்ட்ரானையே இழந்துவிடும், ஆறினால் எலக்ட்ரான் அடிமட்டத்தில் படுத்துவிடும், நாம் பார்க்கும் ஒளியை விழுங்காது. இரண்டு பக்கமும் கோடு மங்கல்தான்.

உன் தங்கச்சி பூம்பாறைப் பூண்டு வாங்கும்போது பருமனை மட்டுமா பார்க்கிறாள்? அமுக்கியும் பார்ப்பாள். அதையேதான் மகளிடம் சொன்னேன். முழு நிறமாலையையும் கொடுத்தாள். ஹீலியம் தெரிந்தால் பி, கால்சியம் அழுத்தமாக இருந்தால் எஃப் என்று பிரிக்கப் பழகிவிட்டது. இப்போது எஃப்-ஜி எல்லையில் மட்டும்தான் தடுமாற்றம். அங்கே இருபது படம் பார்த்து நானும் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டரைவிட மோசம்!

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நம்மூர் சூரிய ஆய்வகத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1909-இல் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான், அதுவும் நிறமாலைக் கோடு நகர்வதை வைத்து. நாம் அன்று வெளியே நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தோம்.

ஜனவரியில் வானம் தெளிந்துவிடும், வந்து போ. ஓரியன் கூட்டத்தில் சிவந்த திருவாதிரை எம், அதற்கு எதிர் மூலையில் நீலமாக மின்னும் ரைஜல் பி. உன் அப்பாவின் பழைய பைனாகுலரையும் எடுத்து வா. ஸ்வெட்டரை மறக்காதே, போன தடவை என்னுடையதைப் போட்டுக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்