மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நிதி: கருமாத்தூரில் படித்தவர்களுக்கு

அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். நம்ம அருள் ஆனந்தர் கல்லூரிக்கு வீட்டிலிருந்து வந்து போகிற மாணவர்களில் மதியம் சாப்பிடாமலே இருந்துவிடுகிறவர்களுக்கு, அடுத்த செமஸ்டர் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு போடப் பணம் திரட்டுகிறோம். ஒரு சாப்பாடு 40 ரூபாய், செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆக ஒருவருக்கு 3,600. முதலில் 60 பேரோடு தொடங்கலாம் என்று இருக்கிறோம், அதற்கு 2,16,000 ரூபாய் வேண்டும்.

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. நமக்கு மணி அடித்தால் மெஸ், அங்கே போய் சாம்பாரைத் திட்டுவதுதான் பெரிய கவலை. டே ஸ்காலர் பசங்க கதை வேறு. உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கம் மல்லிகை போட்டிருக்கிற ஊர்களில் விடியுமுன்னே மொட்டுப் பறிக்கப் போயாக வேண்டும், வெயில் ஏறி மலர்ந்துவிட்டால் விலை போகாது. அதைப் பறித்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்து பஸ் பிடிக்கிற பிள்ளை டிபன் பாக்ஸை எப்போது கட்டும்? மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, பறிக்கிற கைக்குக் கூலி என்னவோ அதேதான். அப்புறம் கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளில் ராத்திரி முழுக்க மண்டபத்தில் பந்தி பரிமாறியவன் மறுநாள் மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் "பசிக்கல சார்" என்பான்.

பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. 2022இல் நம்ம மதுரையில்தான் காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கினார்கள், அது சின்னப் பிள்ளைகளுக்கு. கல்லூரி வாசல் மிதித்தவுடன் பசி நின்றுவிடும் என்று யாரோ முடிவு செய்தாற்போல, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. "அதான் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாசம் ஆயிரம் ரூபாய் வருதே" என்று சிலர் கேட்டார்கள். வருகிறது, நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரம் பரீட்சைக் கட்டணம், ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ் என்று போய், மிச்சம் வீட்டுக் கடனுக்குப் போகிறது. சாப்பாடு எப்போதும் கடைசி வரிசை.

சின்னக் கல்லூரி என்பதால்தான் இது நம்மால் முடியும் என்று தோன்றுகிறது. 1970இல் இயேசு சபை ஃபாதர்கள் இந்தக் கிராமத்தில் கல்லூரி தொடங்கியது சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்கத்தான். ஆர்.டி.எஸ். (ஊரக வளர்ச்சி அறிவியல்) படித்தவர்களுக்குத் தெரியும், பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியே, ஊருக்குள் நடந்து திரிந்துதான் வரும். வெறும் வயிற்றோடு பிற்பகலில் அது ஆகாது. மத்தியான வகுப்பைக் கட் அடிக்கிறான் என்று ஒருவனைத் திட்டுவதற்குமுன் அவன் சாப்பிட்டானா என்று கேட்கலாம். இங்கே ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளை முகம் பார்த்துத் தெரியும், யாருக்குத் தேவை என்று துறையிலேயே சொல்லிவிடுவார்கள். விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் கேட்கப் போவதில்லை.

டோக்கன் முறைதான். காசு கொடுத்து வாங்குகிறவன் கையில் இருக்கிற அதே டோக்கன், அதே நிறம், அதே வரிசை. மேடை போட்டு யாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுக்க மாட்டோம், கொடுத்தவர் பேரும் பிளக்ஸில் வராது. அது வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். சர்ச்சுக்குப் போகிறவனா கோயிலுக்குப் போகிறவனா என்றும் பார்க்க மாட்டோம், நாம் படித்தபோதும் யாரும் பார்க்கவில்லை. கல்லூரிக்குப் பேர் கொடுத்த அருள் ஆனந்தரே, அதாவது ஜான் டி பிரிட்டோ சாமியாரே, லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, இங்கே வந்து நம்ம ஊர்ச் சாமியார் மாதிரி புலால் விட்டு வாழ்ந்த மனுஷன். அதனால் தினமும் சைவச் சாப்பாடுதான் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். முட்டைக்குத் தனியாக யாராவது பொறுப்பெடுத்தால் பசங்க சந்தோஷப்படுவார்கள்.

இனி பண விஷயம். இது கல்லூரி நடத்தும் திட்டம் இல்லை, படித்துவிட்டுப் போனவர்கள் நாம் செய்வது. கூட்டுக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாது. மாதாமாதம் வரவு செலவு வாட்ஸ்ஆப் குழுவில் வரும். நாம் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, எனவே 80ஜி வரிச்சலுகை ரசீது கேட்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து நேரடியாக அனுப்ப வேண்டாம், எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை, பதிவில்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்கள் இங்கிருக்கும் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தாராளமாக அனுப்பலாம்.

ஒருவரே 3,600 போட வேண்டும் என்றில்லை. பேட்ச் மேட்ஸ் நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு 900. இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகள் 40 ரூபாய் போட்டாலும் அது ஒரு நாள் சாப்பாடு, வாங்கிக்கொள்வோம். அரிசி, பருப்பாகத் தர நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், வைக்க இடம் பார்க்க வேண்டும். கணக்கு எண்ணையும் க்யூஆர் கோடையும் பொருளாளர் மட்டும்தான் குழுவில் போடுவார், வேறு எந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.